தென்னம்பிள்ளை காய்க்கும்வரை நிவாரணம் நிற்க வேண்டும்

எங்கே வெள்ளம், எங்கே புயல் என்று செய்தி வந்தாலும் ஓரிரு நாளில் நம் பக்கத்திலிருந்து லாரி கிளம்பிவிடுகிறது. பொள்ளாச்சியில் அரிசி மூட்டை சேரும், திருப்பூரிலிருந்து பனியன் பண்டல் வரும், சென்னிமலைப் போர்வை வரும். 2018-ல் கேரள வெள்ளத்துக்கும் கஜா புயலுக்கும், 2024-ல் வயநாட்டுக்கும் நம் சனம் அள்ளிக் கொடுத்தது. அந்த மனசு மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் லாரி திரும்பி வந்ததும் அந்த ஊரை மறந்துவிடுகிறோம். தென்னையை நம்பிப் பிழைக்கிற நாம் அப்படி மறக்கக் கூடாதுங்க.

சுனாமி என்றால் நமக்கு நாகப்பட்டினமும் வேளாங்கண்ணியும்தான் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டில் இறந்த சுமார் எட்டாயிரம் பேரில் ஆறாயிரம் பேர் நாகை மாவட்டத்தில் போனார்கள், மறக்க முடியுமா? அதே 2004 டிசம்பர் 26 காலையில் நிக்கோபார் தீவுகளுக்கு என்ன ஆனது என்று இங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை. நிலநடுக்கம் வந்த சுமத்ராவுக்குப் பக்கத்தில் இருக்கும் தீவுகள் அவை. அலை வந்து அடித்துப் போனதோடு நிற்கவில்லை, நிலமே கீழே இறங்கிவிட்டது. தென்கோடியில் இருக்கும் இந்திரா முனையில் நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் போனது. டிரிங்கெட் என்ற தீவு துண்டுகளாக உடைந்தது. 2001 கணக்கெடுப்பில் 42,068 ஆக இருந்த நிக்கோபார் மாவட்ட மக்கள்தொகை, 2011-ல் 36,842. பத்து வருசத்தில் ஊர் வளர வேண்டிய காலத்தில் சுருங்கியிருக்கிறது.

கச்சால் தீவில் தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களில் சிலரை ரப்பர் தோட்ட வேலைக்கு அங்கே குடியமர்த்தினார்கள். வால்பாறையில் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தவர்களும் அதே மாதிரி வந்த சனம்தான். மிக மோசமாக அடிபட்ட தீவுகளில் கச்சாலும் ஒன்று.

நிக்கோபார் மக்களுக்குத் தென்னைதான் எல்லாம். குடிக்க இளநீர், தின்னத் தேங்காய், வளர்க்கும் பன்றிக்குத் தீனியும் தேங்காய். பன்றி இல்லாமல் அவர்களுக்குத் திருவிழா கிடையாது. மிஞ்சியதைக் கொப்பரையாக்கி விற்று அரிசியும் துணியும் வாங்கினார்கள். காங்கயத்துக் களத்தில் கொப்பரை காயப் போடுகிறவர்களுக்கு இந்தப் பிழைப்பை விளக்க வேண்டியதில்லை. ஒரே காலையில் கடலோரத் தோப்புகள் போயின. அலைக்குத் தப்பிய மரங்களிலும் பல, வேரில் உப்புத்தண்ணீர் நின்று காய்ந்தன. தோப்பு இருந்த நிலமே சில இடங்களில் இப்போது கடல்.

நிவாரணம் போனது, நிறையவே போனது. ஆனால் எப்படிப் போனது என்று பாருங்கள். மரத்தாலும் கீற்றாலும் தூண்மேல் உயர்த்திக் கட்டி, கீழே காற்று ஓடும் வீட்டில் இருந்தவர்களைத் தகரக் கொட்டகையில் வைத்தார்கள். சித்திரை வெயிலில் தகரத்துக்கு அடியில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும் அது என்ன கொடுமை என்று. அவர்கள் வருசக்கணக்கில் இருந்தார்கள். பின்னால் வந்த நிரந்தர வீட்டுக்கும் சாமான்கள் கப்பலில் ஏறி வந்தன. ஓடு விழுந்தால் மாற்றிக்கொள்வது போல அந்த வீட்டைத் தாங்களே பழுது பார்த்துக்கொள்ள அவர்களிடம் பொருளும் இல்லை, பழக்கமும் இல்லை.

இதைவிடப் பெரிய காயம் பணத்தால் வந்தது. அங்கே நிலமும் தென்னையும் துஹெத் என்ற கூட்டுக்குடும்பத்துக்குப் பொது. பெரியவர் ஒருவர் சொல்ல எல்லோரும் உழைத்து எல்லோரும் சாப்பிடுவார்கள். நிவாரணத் தொகையோ புருசன், பெண்டாட்டி, பிள்ளைகள் என்று தனித்தனிக் குடும்பமாகக் கணக்கெடுத்துக் கொடுக்கப்பட்டது. பங்கு பிரிக்காத தோப்பில் பங்காளிகள் ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியாகப் பணம் வந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? கூட்டு உடைந்தது. இலவச ரேஷன் வந்துகொண்டிருந்தது, செய்யத் தோப்பு வேலை இல்லை, கையில் காசு இருந்தது, அது கரைந்தும் போனது. சுனாமிக்கு முன்பிருந்தே அந்தத் தீவுகளை ஆய்வு செய்துவந்த சிம்ரன் ஜித் சிங், வந்த உதவியே அந்தச் சமூகத்தை எப்படிக் குலைத்தது என்று விரிவாக எழுதியிருக்கிறார். கொடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. கேட்காமல் கொடுத்தார்கள். நாகப்பட்டினத்தில் பழைய துணி ரோட்டோரம் குவியல் குவியலாகக் கிடந்ததும் அதனால்தான்.

இப்போது நம் கணக்குக்கு வருகிறேன். நெட்டை ரகம் வைத்தால் ஆறேழு வருசம், குட்டை என்றால் மூன்று நாலு வருசம் ஆகும் காய் பார்க்க. "புள்ளைய வெச்சவன் அவசரப்படக் கூடாது கண்ணு" என்று எங்க அப்பிச்சி சொல்வார். வாடல் நோயில் மரத்தை வெட்டிய ஆனைமலைக்காரர்கள் இந்த வருசங்களை இப்போது வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். கஜாவில் விழுந்த ஒரு தென்னைக்கு, வெட்டி அப்புறப்படுத்தும் கூலியும் சேர்த்து அரசு கொடுத்தது 1,100 ரூபாய். நல்ல மரம் வருசத்துக்கு நூறு காய் காய்க்கும். காய் பத்து ரூபாய் என்று வைத்தாலும் அது ஒரு வருச வருமானம்தான். மீதி வருசங்களுக்குப் பட்டுக்கோட்டைக்காரர் என்ன செய்வார்? இந்தக் கேள்வியை நம்மைவிட உரிமையோடு கேட்கக்கூடியவர்கள் யார்?

பெரிய நிக்கோபாரில் இன்னொன்றும் நடக்கிறது. சுனாமிக்குப் பிறகு மேற்கு, தெற்குக் கரை ஊர்க்காரர்களைக் கேம்பல் பே பக்கம் கொண்டுவந்து தங்கவைத்தார்கள். சொந்த ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று இருபது வருசமாகக் கேட்கிறார்கள். அந்தத் தீவில்தான் இப்போது துறைமுகம், விமான நிலையம், நகரம் என்று பெருந்திட்டம் வருகிறது. திட்டத்துக்குக் கொடுத்திருந்த சம்மதத்தை அங்குள்ள பழங்குடி மன்றம் 2022-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒருவரை ஊர் திரும்ப விடாமல் வைத்துக்கொண்டு மறுவாழ்வு முடிந்துவிட்டது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இங்கிருந்து தென்னம்பிள்ளை அனுப்பலாமே என்று சிலர் கேட்பீர்கள். வேண்டாம். சுருள் வெள்ளை ஈ கன்றோடு பயணம் போகும் பூச்சி என்பதை 2016-லிருந்து அனுபவித்து வருகிறோம், அதைத் தீவுக்கு ஏற்றக் கூடாது. எந்த ஊரானாலும் அங்கே தப்பி நிற்கும் தாய்மரத்து நெத்திலேயே நாற்று போடுவதுதான் முறை. நாற்றங்காலுக்குத் தண்ணீர், ஆள்கூலி, வேலி, காய்ப்பு வரும்வரை ஊடுபயிருக்கு விதை. இதற்குத்தான் பணம் வேண்டும், அதுவும் வருசா வருசம் வேண்டும்.

அதனால் நம் பக்கத்து வியாபாரிகள் சங்கங்களுக்கும், உழவர் குழுக்களுக்கும், கோயில் கமிட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வசூல் செய்யும்போது பாதியை லாரிக்குச் செலவழியுங்கள். மீதியைத் தனிக் கணக்கில் போட்டு, ஒரே ஒரு ஊரைப் பிடித்துக்கொண்டு, அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு ஏழு வருசம் கொடுங்கள். கணக்கு எழுத நான் வருகிறேன், கூட யார் வருகிறீர்கள் என்று கீழே சொல்லுங்க.