ஸ்வஸ்திக் இருந்தாலே ஜெர்மன் விமானமா?
ஒரு பழைய கறுப்பு வெள்ளை விமானப் படத்தைப் பார்த்து, "ஸ்வஸ்திக் தெரிகிறது, அப்போ ஜெர்மன் விமானம்தான், வேறெதுவும் பார்க்க வேண்டாம்" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. பின்லாந்து விமானப்படை 1918 முதல் 1945 வரை வெள்ளை வட்டத்துக்குள் நீல ஸ்வஸ்திக்கைத்தான் அடையாளமாக வைத்திருந்தது. நாஜிகளுக்கு முன்பே, எரிக் வான் ரோசன் என்ற ஸ்வீடன் பிரபு பரிசாகக் கொடுத்த விமானத்தோடு வந்த சின்னம் அது. லாத்வியாவிடமும் 1940 வரை சிவப்பில் ஒன்று இருந்தது.

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தை நம்ப முடியாது. சிவப்பு ஒளியை உணராத பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிமில் நீலம் வெளுத்துவிடும், சிவப்பு கறுத்துவிடும். அதனால் சின்னம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஜெர்மன் விமானங்களில் ஸ்வஸ்திக் வாலில் மட்டும்தான். இறக்கையிலும் உடலிலும் நேர்ச்சிலுவை. இந்தப் படத்திலோ இறக்கையிலேயே ஸ்வஸ்திக் இருக்கிறது.

சின்னத்தை விட்டுவிட்டு விமானத்தையே பார்த்தாலும் சரி. மூக்கில் சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த ரேடியல் இன்ஜின், ஒற்றை அடுக்கு இறக்கை, உள்ளே மடங்காத சக்கரக் கால்கள், அவற்றின்மேல் செருப்பு மாட்டியதுபோல உறை. இவ்வளவும் சேர்ந்தால் எனக்கு ஃபோக்கர் டி.21 போர் விமானம் என்றுதான் படுகிறது. டச்சு வடிவமைப்பு, பின்லாந்து உரிமம் வாங்கித் தானே கட்டிக்கொண்டது. வால் பகுதி தெளிவாகத் தெரியும் படப் பிரதி யாரிடமாவது இருந்தால் போடுங்கள், வரிசை எண்ணைப் படித்துவிடலாம்.