மோட்டார் சூட்கேஸ் வெறும் லக்கேஜ் இல்லை
மோட்டார் சூட்கேஸ் (மேலே உட்கார்ந்து ஓட்டக்கூடிய, மோட்டார் வைத்த பயணப் பெட்டி) லக்கேஜ்தான், ஜப்பானில் நடைபாதையிலேயே உட்கார்ந்து ஓட்டலாம், லைசென்ஸ் வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. அங்கே ஆள் ஏறி ஓட்டும் பெட்டி சட்டப்படி மொபெட் கணக்கில் வருகிறது. சாலையில் இறங்கினால் லைசென்ஸ், நம்பர் பிளேட், ஹெல்மெட், காப்பீடு எல்லாம் வேண்டும், நடைபாதையில் ஓட்டவே கூடாது. 2024-இல் ஒசாகாவில் இப்படி நடைபாதையில் ஓட்டிய ஒரு பெண் மீது, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாக வழக்கே போட்டார்கள். நான் சொல்வதை நம்ப வேண்டாம், "ஒசாகா 2024 சூட்கேஸ்" என்று தேடினாலே செய்தி வந்துவிடும். அப்புறம் உங்கள் பெட்டியையே ஒருமுறை சுற்றிப் பாருங்கள்: பக்கக் கண்ணாடி, இண்டிகேட்டர், நம்பர் பிளேட் மாட்ட ஒரு இடம், பெரும்பாலும் எதுவுமே இருக்காது. பிறகு அதை எப்படி மொபெட் மாதிரி சாலையில் ஓட்டுவது?