நாலு மணிப் புகையை நண்பகலில் பார்த்தால் என்ன தெரியும்?

ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றிச் சென்று பிழைக்கிறவன் நான். என்னுடைய டீசல் பிக்கப் கடந்த மார்கழியில் தொடங்கி மூன்று மாதம் என்னைப் படுத்திய பாட்டையும், அதைச் சரிசெய்கிறோம் என்ற பெயரில் பட்டறைக்காரர்கள் என் பணத்தை வைத்து ஆடிய ஆட்டத்தையும் எங்காவது கொட்டித் தீர்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நோய் இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் அதைக்கூட ஒருவரும் முழுதாகக் காதுகொடுத்துக் கேட்கவில்லை. புல்லின்மேல் உறைபனி படிந்திருக்கும் காலை நான்கு மணிக்குச் செல்ஃப் அடித்தால் இன்ஜின் நன்றாகவே சுற்றும், ஆனால் பற்றாது. நான்காவது, ஐந்தாவது முயற்சியில் ஏதோ ஒரு சிலிண்டர் மட்டும் பிடிக்க, வண்டி முழுவதும் வெடவெடவென்று நடுங்கி, சைலன்சரிலிருந்து வெண்புகை கிளம்பித் தெருவையே மூடிவிடும். அந்தப் புகையில் கண்ணைக் கரிக்கும் பச்சை டீசல் வாடை இருக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும். அதன்பிறகு அன்று முழுவதும் சாவியைத் திருப்பிய மறுநொடியே ஸ்டார்ட் ஆகும். எதிர்வீட்டு அக்கா மூன்று மாதமாகச் சன்னலைத் திறக்கவில்லை. என்னிடம் பேசவும் இல்லை.

லோடு இறக்கிவிட்டு, பகல் பன்னிரண்டு மணிக்கு, மேட்டுப்பாளையத்து வெயிலில், கொதிக்கும் இன்ஜினோடு வண்டியைப் பட்டறையில் நிறுத்தினேன். முதல் பட்டறைக்காரர் ஒருமுறை சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானுங்களே ஸ்டார்ட் ஆகுதுங்ண்ணா" என்றார். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையமோ முந்நூற்றுச் சொச்சம் மீட்டர்தான். மேலே காற்றும் மெலிது, குளிரும் அதிகம். அங்கே வருகிற நோயை இங்கே எப்படிப் பார்க்க முடியும், ஓர் இரவு மட்டும் மேலே வந்து பாருங்கள், போக்குவரத்துச் செலவும் தருகிறேன் என்று கெஞ்சினேன். வரவில்லை. ஆனால் வராமலே தீர்ப்பு எழுதினார்: சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் போய்விட்டதாம், நான்கையும் மாற்றவேண்டுமாம்.

இன்ஜெக்டரில் குறை உண்டா என்று பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. மிஞ்சிய டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி, நான்கு சிறு பாட்டில்களில் விட்டு, இன்ஜினை ஓடவிட்டால், எந்த இன்ஜெக்டர் அளவுக்கு மீறி டீசலைத் திருப்பி அனுப்புகிறது என்பது பாட்டில் மட்டத்திலேயே தெரிந்துவிடும். இருபது நிமிட வேலை. அதைச் செய்யாமல் 38,000 ரூபாய்க்கு ரீகண்டிஷன் செய்த இன்ஜெக்டர்களை மாட்டினார்கள். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் காமன் ரெயில் வண்டிகள் பலவற்றில், ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் உரிய குறியீட்டு எண்ணை இன்ஜினை ஆளும் கணினியான ஈசியுவில் ஏற்றவேண்டும். என் வண்டியும் அந்த ரகம்தான். அதையும் ஏற்றவில்லை. பலன், காலையில் பழைய வெண்புகை அப்படியே இருக்க, பர்லியாறு வளைவுகளில் ஏறும்போது புதிதாகக் கரும்புகையும் வந்து சேர்ந்தது. காசு கொடுத்து இரண்டாவது நிறத்தை வாங்கிய ஆள் இந்த மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இரண்டாம் பட்டறைக்காரர் வெண்புகை என்ற சொல்லைக் கேட்டதுமே, இன்ஜினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்றார். ஹெட்டை இறக்கவேண்டும், வண்டியை ஒரு வாரம் விட்டுவிட்டுப் போங்கள் என்றார். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் உள்ளே கசிந்து எரிந்தால் வருவது நீராவி; அதில் ஓர் இனிப்பு வாடை இருக்கும், டாங்கில் மட்டமும் குறையும். மூன்று மாதத்தில் என் வண்டியில் கூலண்ட் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. இதைச் சொன்னதற்கு, "அப்ப நீங்களே பார்த்துக்கங்க" என்று ஸ்பானரைக் கீழே போட்டார். மூன்றாமவரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏர் ஃபில்டரில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடித்துச் செல்ஃப் அடி என்றார். குளிரில் சிலிண்டரின் உட்புறத்தைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் உள்ள டீசல் இன்ஜினில், அந்த ஸ்ப்ரேயில் இருக்கும் ஈதரை அடித்தால் அது வேளைகெட்ட வேளையில் வெடித்து பிஸ்டனையே உடைத்துவிடக்கூடும் என்பது பட்டறை வைத்திருப்பவருக்குத் தெரியாதா?

புகை பொய் சொல்லாது என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் காற்றுக்கு மிஞ்சிய டீசல். டீசல் வாடையுள்ள வெள்ளை என்றால் டீசல் உள்ளே வந்துவிட்டது, ஆனால் எரியவில்லை. சொட்டுப் புகையும் இல்லாமல் செல்ஃப் மட்டும் சுற்றியிருந்தால் டீசல் வரவில்லை, குழாயில் ஏர் பிடித்திருக்கிறது என்று தேடலாம். டீசல் இன்ஜினில் பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றவேண்டும். உறைந்து கிடக்கும் இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும் என்பதற்காகத்தானே ஹீட்டர் பிளக் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்? குளிரில் மட்டும், முதல் ஸ்டார்ட்டில் மட்டும், வெள்ளையாக வரும் புகைக்கு முதலில் கைவைக்க வேண்டிய இடம் அதுவல்லாமல் வேறு எது?

கடைசியில் கேத்தியிலேயே ஒரு வயதான எலக்ட்ரீஷியன், மப்ளரைச் சுற்றிக்கொண்டு, நாலு மணிக்கே வந்தார். என்ன நிறம், எப்போது, என்ன வாடை என்று மூன்றே கேள்விகள் கேட்டார். ஹீட்டர் பிளக்குகளுக்கு மேலிருந்த பட்டையைக் கழற்றினார். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு பல்பு வழியாக வயரை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வைத்தார். ஒன்றில் மட்டும் பல்பு எரிந்தது. மற்ற மூன்றும் செத்துப்போயிருந்தன. டாஷ்போர்டில் மஞ்சள் சுருள் விளக்கு ஒழுங்காக எரிந்து அணைகிறதே என்றேன். அது டைமர் கணக்கில் எரிவது, பிளக் உயிரோடு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது என்றார். இன்ஜின் சூடான பிறகு, ஆயில் ஊறவிட்டு, ஹெட்டுக்குள் முறிந்துவிடாமல் ஒவ்வொன்றாகக் கழற்றி நான்கையும் மாற்றினார். பிளக்குகளுக்கும் அவர் கூலிக்கும் சேர்த்து 3,000 ரூபாய்கூட ஆகவில்லை. மறுநாள் காலை ஒரே செல்ஃபில் வண்டி பிடித்தது.

கரும்புகைக்கு வழி கேட்கவும், என் பழைய இன்ஜெக்டர்களைத் திருப்பி வாங்கவும் முதல் பட்டறைக்குப் போனேன். பழைய இரும்புக்காரனிடம் போட்டாயிற்றாம். காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறதா என்று விசாரித்தார், ஆகிறது என்றேன். "பார்த்தீங்களாங்ண்ணா, இன்ஜெக்டர் செட்டாக மூணு மாசம் ஆகுமுங்க" என்கிறார்.