போலியோ சொட்டு இரண்டு தடவை போட்டால் ஆபத்தா?

"வாளையார் பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை, வீட்டுக்கு வந்தவர்களிடம் இன்னொரு தடவை சொட்டு மருந்து வாங்கினால் குழந்தைக்குக் கை கால் விளங்காது, மத்திய சுகாதார அமைச்சகமே எச்சரிக்கை" என்று கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது பொய்.

அந்த அமைச்சகம் சொல்வது நேர் எதிரானது. வழக்கமான தடுப்பூசிகளை முறையாகப் போட்டிருந்தாலும், முகாம் நாளில் 5 வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளும் சொட்டு மருந்து குடிக்க வேண்டும். கூடுதலாக ஒரு தடவை குடிப்பதால் கெடுதல் இல்லை. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் ஒன்றிரண்டு தவணையில் எல்லாக் குழந்தைகளின் குடலிலும் எதிர்ப்புச் சக்தி உருவாகிவிடாது. அதனால்தான் 1995 முதல் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். பலன் கண்முன்னே இருக்கிறது: 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்ததுதான், இயற்கையாகப் பரவும் 'காட்டு வைரஸ்' மூலம் இந்தியாவில் வந்த கடைசி போலியோ. 2014 மார்ச் 27 அன்று, போலியோ ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றும் நமக்குக் கிடைத்தது.

இடது சுண்டுவிரலில் மை வைப்பது, விடுபட்ட குழந்தையைக் கண்டுபிடிக்கத்தான். கோவைக்கும் பாலக்காட்டுக்கும் தினம் போய்வரும் குடும்பங்களின் பிள்ளைகள்தான் எளிதில் விடுபடுகிறார்கள். அவர்களையே இந்த வதந்தி பயமுறுத்துவது எனக்குப் பெரிய வேதனை.

மருந்து கெட்டுவிட்டதோ என்ற சந்தேகமா? குப்பியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். லேபிளில் ஒரு வட்டம், அதற்குள் சின்னச் சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் சரி. வட்டத்தின் நிறத்துக்கோ அதைவிடக் கறுப்பாகவோ மாறியிருந்தால் அந்தக் குப்பி வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அப்புறம், முகாமில் சொட்டு போட்டாயிற்று என்று அங்கன்வாடியில் போடும் வழக்கமான தடுப்பூசியை நிறுத்திவிடாதீர்கள்.