ஏரிக்கரை விடுதி, ஏரி நீங்கலாக

(மெக்சிகோ, ஹலிஸ்கோ மாநிலம், சப்பாலா ஏரி. மே மாதக் கடைசி. சாயம் போன பழைய விடுதியின் பின்தோட்டம்தான் கேம்பிங் திடல். காவலாளி டான் நாச்சோ. கூடாரமும் கையுமாக ஒரு பயணி.)

பயணி: டான் நாச்சோ, போர்டுல "ஏரிக்கரை"ன்னு போட்டிருக்கே, ஏரி எங்க?

நாச்சோ: அந்தா, மாடு மேயுதுல்ல? அதுக்கும் அந்தப் பக்கம். போர்டு எழுதும்போது இங்கதான் இருந்துச்சு.

பயணி: எந்திரிச்சு நடந்து போயிடுச்சா?

நாச்சோ: வர்ற லெர்மா ஆத்துத் தண்ணியை மேலேயே அணைகட்டி வயலுக்குத் திருப்பிடுறாங்க. வந்து சேர்றதை க்வாதலஹாரா நகரம் குடிக்குது. மிச்சத்தை வெயில் குடிக்குது. நீளம் 80 கிலோமீட்டர் சென்யோர், ஆனா சராசரி ஆழம் நாலஞ்சு மீட்டர்தான். சாப்பாட்டுத் தட்டு! ஒரு மீட்டர் இறங்கினா கரை எங்கேயோ போயிடும். 2002ல கொள்ளளவுல அஞ்சுல ஒரு பங்குகூட இல்லை. அதுக்கு இது எவ்வளவோ பக்கம்.

பயணி: அப்ப தண்ணி ஓரமாவே கூடாரத்தைப் போட்டுக்கறேன்.

நாச்சோ: அங்க மண்ணு மேலே பிஸ்கட், கீழே பாயசம். கூடார முளை சுகமா இறங்கும், சாயங்காலக் காத்துக்கு அதே சுகமா வெளியே வரும்.

பயணி: வேற வழி?

நாச்சோ: சாக்குல மண்ணை ரொப்பி, நடுவுல கயித்தைக் கட்டி, ஒன்றரை அடி பள்ளத்துல குறுக்குவாட்டுல புதைச்சு மிதிச்சுடுங்க. நாலு மூலைக்கு நாலு சாக்கு. முடியலேன்னா இந்த மரத்தடி. இறுகின மண்ணு, முளை நிக்கும்.

பயணி: இது மாமரமாச்சே.

நாச்சோ: ஆமா, காய்ச்சிருக்கு. தலையை அந்தப் பக்கம் வச்சுப் படுக்காதீங்க.

பயணி: கரண்ட்?

நாச்சோ: தூண்ல ப்ளக் இருக்கு பாருங்க.

பயணி: ரெண்டு ஓட்டைதானே இருக்கு! எர்த் எங்க?

நாச்சோ: காலுக்குக் கீழே இருக்கே சென்யோர்.

பயணி: நான் கேட்டது கம்பியை. அது இல்லாம என் ஃப்ரிட்ஜ் பாடியில கரண்ட் கசிஞ்சா, தொடுற நான்தான் கம்பி!

நாச்சோ: அதான் முன்னாடி வந்தவரு மூணாவது பின்னை ரம்பத்துல அறுத்துட்டு நிம்மதியாச் செருகினாரு.

பயணி: (மல்டிமீட்டரை வைத்து) 104 வோல்ட் காட்டுது. இங்க 127 இருக்கணுமே?

நாச்சோ: இப்ப ஊரே ஏசி போட்டிருக்கு. எல்லாரும் தூங்கினப்புறம் ஏறும்.

பயணி: இந்த வோல்ட்டேஜ்ல போட்டா கம்ப்ரசர் சுழலாம முக்கும், கரண்டை அள்ளி இழுக்கும், காயில் கருகிடும். மாட்டேன். லைட் மட்டும் போட்டுக்கறேன்.

நாச்சோ: வெள்ளை லைட்டா? ஏரியில இருக்கிற கொசு மாதிரிப் பூச்சி மொத்தமும் வந்துடும்.

பயணி: கடிக்குமா?

நாச்சோ: பாவம், கடிக்கவே தெரியாது. வாய்க்குள்ள போகும், சூப்புல விழும், அவ்வளவுதான். மஞ்சள் லைட்டை இருபதடி தள்ளித் தொங்கவிடுங்க, நீங்க இருட்டுல உட்காருங்க.

பயணி: பெலிக்கன் பறவைக் கூட்டம் வரும்னாங்களே, அதையாவது பார்க்கலாமா?

நாச்சோ: அது குளிர்காலத்து விருந்தாளி. பிப்ரவரியில வந்திருக்கணும். இப்ப வடக்கே போயிடுச்சு.

பயணி: குளிக்கவாவது முடியுமா? இந்தக் குழாயில "சி"ன்னு போட்டிருக்கு...

நாச்சோ: அவசரப்படாதீங்க! "சி"ன்னா காலியென்தே, சுடுதண்ணி. பச்சைத்தண்ணிக்கு "எஃப்", ஃப்ரீயோ. அமெரிக்காக்காரங்க குளிர்னு நினைச்சுத் திறந்து ஊரைக் கூட்டுவாங்க.

பயணி: ரெண்டுலயும் "சி"தானே இருக்கு!

நாச்சோ: எஃப் உடைஞ்சுபோச்சு. கடையில சி மட்டும்தான் இருந்துச்சு.

பயணி: அப்ப எதுல சுடும்?

நாச்சோ: எதுலயும் சுடாது. பாய்லர் சிலிண்டர் காலி. குடிக்க மட்டும் எடுத்துடாதீங்க, அதுக்கு இருபது லிட்டர் கர்ரஃபோன் கேன் வாங்கணும். அப்புறம், டாய்லெட் பேப்பரைக் கூடையில போடுங்க. குழாய் ஒல்லி, போட்டா அடைச்சுக்கும்.

பயணி: ஏரி இல்ல, கரண்ட் இல்ல, சுடுதண்ணி இல்ல. வாடகை மட்டும் ஏரிக்கரை ரேட்டா?

நாச்சோ: ஜூன் நடுவுல மழை பிடிச்சுக்கும். அப்ப தண்ணி நம்ம பக்கம் வர ஆரம்பிக்கும்.

பயணி: அதுவரைக்கும்?

நாச்சோ: மாடு மேயுறதுக்கு வாடகை கேட்கவேயில்லையே சென்யோர்!