தேயிலைத் தூரில் கிடக்கும் குட்டியைத் தூக்காதீர்கள்

கொழுந்துக் கூடைக்குள் சுருண்டு கிடக்கும் இரண்டு குட்டிகள், மேலே "புலிக்குட்டி" என்று ஒரு வரி, கீழே வரிசையாக இதயங்கள். இந்த மாதிரிப் படத்தைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது. நான் பார்த்த பல படங்களில் இருந்தது புலியே இல்லை, துரும்பன் பூனை.

உலகத்திலேயே மிகச் சிறிய காட்டுப் பூனைகளில் ஒன்று இது. வளர்ந்த பிறகும் எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவது அபூர்வம். இந்தியா, இலங்கை, நேபாளம், இந்த மூன்று நாடுகளில்தான் இருக்கிறது. நம் பக்கம், இலங்கை மலைநாட்டில், ஹோட்டன் சமவெளி வரை ஏறி வாழ்கிறது. இராத்திரியில் எலி, தவளை, பல்லி பிடித்துத் தின்னும். எலிக்காய்ச்சலுக்குப் பயந்து தோட்டத்து வரிசை வீடுகளில் வாழும் லயத்து மக்களுக்கு இதைவிட நல்ல அயலார் யார்? ஆனால் ஓர் ஈற்றுக்கு ஒன்று முதல் மூன்று குட்டிதான். 2012-ல் வந்த இலங்கையின் சிவப்புப் பட்டியல் இதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாகச் சேர்த்திருக்கிறது.

ஆள் சத்தம் கேட்டதும் தாய் விலகிப் போகும். அது குட்டியைக் கைவிட்டதாக அர்த்தமில்லை. சத்தம் அடங்கி இருட்டினால் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வேறிடம் போய்விடும். நாம் பாவம் பார்த்து லயத்துக்குத் தூக்கிவந்து பால்மா கரைத்து ஊட்டினால் வயிற்றோட்டத்திலேயே செத்துப்போகும். பிழைத்தாலும் வேட்டையாடத் தெரியாது.

இதற்குத் தொழிலாளியை மட்டும் திட்டுவதை நான் ஏற்கமாட்டேன். பறித்த கொழுந்தில் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடும் தோட்டத்தில், குட்டி கிடக்கிறது என்று ஒரு அக்கா நிரையை விட்டுவிட்டு நகர முடியுமா? கவாத்து மலையில் கத்தியோடு நிற்கும் அண்ணனுக்கும் அதே கதைதான். குட்டி கிடக்கும் அந்த நாலைந்து தூரை அன்றைக்கு விட்டுவிடுங்கள், பேர் குறையாது என்று துரைமார் சொல்ல வேண்டும். தோட்ட நிர்வாகத்துக்கு இதில் என்ன பெரிய செலவு?

2020 மே மாதம் நல்லதண்ணியில் கம்பியில் சிக்கிய கருஞ்சிறுத்தை செத்தபோது நாடே பேசியது, பேச வேண்டியதுதான். பன்றிக்குக் கண்ணியாகக் கட்டும் அதே கம்பி இந்தச் சின்னப் பூனையையும் விடாது, அப்போது செய்தி கூட வராது.

சரி, ஏற்கனவே குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றால் ஒளித்து வைக்காதீர்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்து, எந்த மலையில், எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். சீக்கிரம் அதே இடத்தில் கொண்டுபோய் வைத்தால் தாய் தேடி வர இன்னும் வாய்ப்பு இருக்கிறது.