தாவலாம், தப்பில்லை

எந்தப் பதிவுன்னு பெயர் சொல்லப் போறதில்லை. பார்த்தவங்களுக்குத் தெரியும். ஃபோண்டா லீயோட மூணு பாக ஃபேண்டஸி வரிசையின் கடைசி நாவல் 'ஜேட் லெகஸி' "வருஷக்கணக்கா தாவித் தாவி ஓடுது, எழுத்தாளருக்கு முடிச்சுத் தொலைக்கிற அவசரம்" என்கிறது தீர்ப்பு. அதுக்குக் கீழே இருநூறு லைக் வேற. 2022ல் லோகஸ் விருது கொடுத்தவங்களும் அவசரத்தில்தான் கொடுத்துட்டாங்க போல.

இது குடும்பக் கதைங்க. முதல் பாகமான 'ஜேட் சிட்டி'யில் அண்ணன் லான் போனதும் தம்பி ஹிலோ குலத்தோட தலைமை நாற்காலியில் உட்கார்றான், தங்கை ஷே கணக்குவழக்கைக் கையிலெடுக்கிறா. அவங்க வளர்ப்புத் தம்பி அன்டென் அப்போ அகாடமியில் எட்டாம் வருஷ மாணவன். கடைசி பாகத்தில் அவன் டாக்டர். தாவாம எப்படி டாக்டர் ஆவான்? ஒவ்வொரு பரீட்சையையும் உட்கார்ந்து படிக்கப் போறீங்களா?

லானோட மகன் நிக்கோவை எடுத்துக்கோங்க. அவனை அவங்க நாடான கெகானுக்குக் கொண்டு வர ஹிலோ என்ன பண்ணினான்னு இரண்டாம் பாகம் படிச்சவங்களுக்குத் தெரியும். படிக்காதவங்களுக்கு நான் சொல்லமாட்டேன் (அந்தப் பதிவர் மாதிரி முதல் வரியிலேயே சாவுச் செய்தி வாசிக்கிற பழக்கம் எனக்கில்லை). அந்தக் கடன் வசூலாகணும்னா பையன் வளர்ந்து ஆளாகணும். ஹிலோவோட மகன் ரூவும் அப்படித்தான். அம்மா வென் மாதிரியே அவனும் ஸ்டோன்-ஐ, அதாவது மாட்டினவங்களுக்குச் சக்தி தர்ற பச்சைக்கல் (ஜேட்) அவன் உடம்பில் ஏறாது. தொட்டில் குழந்தைக்கு அது ஒரு குறையே இல்லை. பச்சைக்கல் மாட்டின பசங்க நடுவில் வாலிபனா நிற்கும்போதுதான் வலிக்கும். இருபது வருஷத்துக்கு மேல் ஓடினாத்தான் இந்தக் கதை கதை.

"நடுவில் துணைப் பாத்திரங்கள் காணாமப் போறாங்களே?" ஆமா, சிலர் போறாங்க. இருக்கட்டும்.

"குழப்புதே?" இரண்டாம் பாகம் படிச்சு ரெண்டு வருஷம் கழிச்சு இதைத் திறந்தா குழப்பத்தான் செய்யும். ஒரு துண்டுச் சீட்டு போதும். முதல்ல பதவிப் பேர்: பில்லர் குலத்தலைவர், ஹார்ன் சண்டைக்கு, வெதர்மேன் வியாபாரத்துக்கு. அதுக்குக் கீழே நிக்கோ, ரூ, ரூவோட தங்கை ஜயா மூணு பேர் வயசு. காலம் தாவும்போதெல்லாம் வயசை மாத்தி எழுதுங்க. பெரியவங்க வயசு வேண்டாம், பிள்ளைங்க வயசே கதை எங்கே நிற்குதுன்னு காட்டிடும். இதைக்கூடச் செய்யாம நாவல் மேல் பழி.

எனக்கு உண்மையில் பொறுக்காதது வேற. வென்னை "சும்மா வந்து போற பொண்டாட்டி"ன்னு ஒரே வரியில் முடிச்சிருக்காங்க. மூச்சடைச்சு, மூளை பாதிச்சு, பேச்சு குழறி, நடை தள்ளாடித்தான் அவ இந்தப் பாகத்துக்குள்ள வர்றா. புருஷன் முகம் கொடுத்துப் பேசலை. ஒவ்வொரு சொல்லா திரும்பக் கூட்டி, குலத்துக்குள்ள தன் இடத்தை அவளே பிடிக்கிறா. பச்சைக்கல் கிடையாது, கத்தி கிடையாது. அதெல்லாம் ஒரு வாரத்தில் நடக்கிற காரியமா? அந்த வருஷங்களைத்தான் நீங்க தாவல்னு சொல்றீங்க.

சண்டைக் காட்சி மட்டும் வேணும்னா முதல் பாகத்தையே திரும்பப் படிங்க. வென்னை விட்டுடுங்க.